பாசிமணியும் லேசர் ஒளியும்



புதுவை நகரின் நேரு வீதியில் நடந்து செல்வோர் பெரிய மார்க்கெட்டைக் காணாமல் போக முடியாது. பூவின் மணமும் மீனின் வாடையும் ஒன்றையொன்று துரத்தும் அந்தச் சந்தைக்குள் நுழைந்தால், காய்கறிக் குவியல்களையும் பூண்டு மூட்டைகளையும் தராசுத் தட்டுகளின் ஓசையையும் கடந்து செல்ல வேண்டும். வளையலும் சீப்பும் பாசிமணியும் விற்கும் சிறு கடை ஒன்றின் முன் சற்றே நில்லுங்கள். நீலப் பாசிமணி ஒன்றைக் கையில் எடுத்து விளக்கொளியில் பாருங்கள். கடுகைக் காட்டிலும் சற்றே பெரியது. நடுவே நூல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. இத்துணைச் சிறிய கண்ணாடியில் உடையாமல் துளையிட்ட கைகாரர் யார் என்று உங்களுக்கு வியப்புத் தோன்றும்.

அந்தத் துளையை யாரும் இடவில்லை என்பதே அதன் விடை. அவ்விடையை அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. புதுவைக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு என்னும் மேடு இருக்கிறது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். அவருக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அந்த மண்ணை ஆராய்ந்தார்கள். உரோமாபுரியோடு நடந்த வணிகத்தின் அடையாளங்களோடு, அங்கே கண்ணாடி மணிகளும் அவற்றைச் செய்ததற்கான கழிவுகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் கடற்கரையில் மணி செய்யும் தொழில் சிறந்திருந்தது.

அவர்கள் கையாண்ட முறை எளியது. ஆனால் மிகவும் நுட்பமானது. உலையில் இளகிய கண்ணாடித் திரளுக்குள் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கி, அத்திரளை நீண்ட குழாயாக இழுப்பார்கள். திரள் மெலிய மெலிய, உள்ளே இருக்கும் வெற்றிடமும் அதே அளவில் மெலிந்து நீளும். ஆறிய குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் துளை தானே அமைந்திருக்கும். துண்டுகளைச் சாம்பலில் புரட்டி மீண்டும் சூடேற்றினால் கூரிய விளிம்புகள் மழுங்கி மணிகளாகிவிடும். ஆந்திரத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்னும் ஊரில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இம்முறை வழக்கில் இருந்ததை ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

இந்த மணியில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. இளகிய கண்ணாடியை எவ்வளவு மெல்லியதாக இழுத்தாலும், அதன் குறுக்குவெட்டின் அமைப்பு மாறாமல் சிறுத்துக்கொண்டே போகும் என்பது ஒன்று. கண்ணாடியில் சிட்டிகையளவு சேர்க்கும் உலோகப் பொருள், கண்ணாடி ஒளியோடு நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றிவிடும் என்பது மற்றொன்று. செம்போ கோபால்ட்டோ சிறிதளவு கலந்ததால்தானே மணி நீலமாயிற்று! இவ்விரண்டு உண்மைகளையும் கொண்டு இன்றைய விஞ்ஞானம் லேசர் ஒளியைப் பிறப்பிக்கிறது. அதற்கு உதவும் கண்ணாடிகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று டெல்லூரைட் கண்ணாடி. அதன் இயல்பையும் பயனையும், அதோடு அதன் குறைகளையும் இன்று சிந்திப்போம்.

முதலில் கண்ணாடி என்பது யாது? நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி மணலிலிருந்து பிறந்தது. மணலின் முக்கியப் பகுதி சிலிக்கா. அது சிலிக்கன், ஆக்சிஜன் என்னும் இரு மூலகங்களின் சேர்க்கை. படிகத்தில் அணுக்கள் பள்ளி மாணவர் அணிவகுத்து நிற்பதுபோல் வரிசையாக நிற்கும். கண்ணாடியிலோ அவை சந்தைக் கூட்டத்தைப் போல் நிற்கும். அருகருகே நெருங்கி நிற்கும்; ஆனால் வரிசை இராது. உருகிய குழம்பு, அணுக்கள் அணிவகுக்க அவகாசமின்றி ஆறிவிட்டால் கண்ணாடி பிறக்கிறது. சிலிக்காவைத் தனியே உருக்க 1,700 டிகிரி சென்டிகிரேட்டுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும்.

மணலின் இடத்தில் வேறொரு பொருளை வைத்தால் என்ன ஆகும்? 1782ஆம் ஆண்டில் டிரான்சில்வேனியாவில் முல்லர் என்பவர் தங்கத் தாதை ஆராய்ந்தபோது புதிய மூலகம் ஒன்றைக் கண்டார். 1798இல் கிளாப்ரோத் என்னும் ஜெர்மானிய ரசாயனி அதற்கு டெல்லூரியம் என்று பெயரிட்டார். லத்தீன் மொழியில் ‘டெல்லஸ்’ என்றால் பூமி. பெயர் பூமியைக் குறித்தாலும், பூமியின் மேலோட்டில் அது பிளாட்டினத்தைப் போல மிக அரிதாகவே கிடைக்கிறது. பெரும்பாலும் செம்பை மின்சாரத்தால் தூய்மை செய்யும்போது அடியில் தங்கும் சேற்றிலிருந்தே அதனைப் பிரித்தெடுக்கிறார்கள். கந்தகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த அதன் அணு எண் 52. அணு எடை 127.6. சிலிக்கனின் அணு எடை 28 என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பளுவை நினைவில் வையுங்கள். பின்னர் வரப்போகும் விஷயங்களுக்கு அதுவே அடிப்படை.

டெல்லூரியம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் டெல்லூரியம் டை-ஆக்சைடு என்னும் வெண்ணிறப் பொடி கிடைக்கும். அது 733 டிகிரி சென்டிகிரேட்டில் உருகும். ஆனால் அதனைத் தனியே உருக்கிச் சாதாரண முறையில் ஆறவிட்டால் கண்ணாடியாகாது, படிகமாகிவிடும். துத்தநாக ஆக்சைடு, சோடியம் ஆக்சைடு, டங்ஸ்டன் ஆக்சைடு போன்ற துணைப் பொருள்களைச் சேர்த்தால்தான் கண்ணாடியாக நிலைபெறும். டெல்லூரியம் டை-ஆக்சைடு 75 பங்கு, துத்தநாக ஆக்சைடு 20 பங்கு, சோடியம் ஆக்சைடு 5 பங்கு என மூலக்கூறு எண்ணிக்கையில் கலந்து செய்யும் கண்ணாடி ஆராய்ச்சியாளரிடையே பெயர் பெற்றது. 800 முதல் 900 டிகிரி வரையிலான வெப்பம் போதும். கல்லூரி ஆய்வுக்கூடத்து மின்சார உலையிலேயே உருக்கி, சூடாக்கிய பித்தளை அச்சில் வார்த்து, உள்ளிறுக்கம் நீங்க மெல்ல ஆறவிடலாம். இவ்வகைக் கண்ணாடியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெர்சீலியஸ் கவனித்திருந்தார். ஆயினும் ஸ்டான்வொர்த் என்னும் ஆங்கிலேயர் 1952இல் அதனை முறையாக ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே விஞ்ஞானிகளின் பார்வை அதன்மேல் திரும்பியது.

அதன் இயல்புகள் யாவை? சிலிக்காக் கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராம். டெல்லூரைட் கண்ணாடியோ 5 முதல் 6 கிராம் வரை இருக்கும். சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.46. டெல்லூரைட்டின் எண் ஏறக்குறைய 2. அதாவது வெற்றிடத்தில் ஓடும் வேகத்தில் பாதியளவுதான் ஒளி அதனுள் ஓடுகிறது. சிலிக்காவின் ஒரு பரப்பில் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு திரும்பி வரும். டெல்லூரைட்டில் 11 பங்கு திரும்பும். எனவே மெருகிட்ட டெல்லூரைட் துண்டு மிகுந்த பளபளப்போடு தோன்றும்.

இவற்றினும் முக்கியமான இயல்பு ஒன்று உண்டு. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 மைக்ரானிலிருந்து 0.7 மைக்ரான் வரை. அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பரந்து கிடக்கிறது. சிலிக்கா இழை 2 மைக்ரானைத் தாண்டியதும் ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும். டெல்லூரைட்டோ 5 மைக்ரான் வரை ஒளிக்கு வழிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு?

மார்க்கெட்டில் சில கடைகளில் வில் தராசு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கொக்கியில் ஒரு சிறு எலுமிச்சம்பழத்தை மாட்டித் தட்டிவிட்டால் அது விரைவாகத் துள்ளும். ஒரு பூசணிக்காயை மாட்டினால் மெல்ல மெல்ல மேலும் கீழும் ஆடும். வில் ஒன்றுதான், பளு கூடினால் அதிர்வு மந்தமாகிறது. அணுக்களைப் பிணைத்திருக்கும் கட்டுகளும் விற்களைப் போன்றவையே. சிலிக்கன் இலேசான அணு. அதன் கட்டும் விறைப்பானது. ஆகவே சிலிக்காவின் அதிர்வு வேகமானது. டெல்லூரியம் கனமானது, அதன் கட்டும் தளர்ந்தது. ஆகவே டெல்லூரைட்டின் அதிர்வு மந்தமானது. விஞ்ஞானிகள் இதனை அலை எண் என்னும் அளவால் குறிப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்பதே அந்த அளவு. சிலிக்காவின் மிக உயர்ந்த அதிர்வு ஏறத்தாழ 1,100. டெல்லூரைட்டின் அதிர்வு ஏறத்தாழ 750. அதிர்வு மந்தமாக இருப்பதால்தான் நீண்ட அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியும் விழுங்கப்படாமல் தப்பிச் செல்கிறது.

இந்த அதிர்வுகளை நாம் எவ்வாறு அறிந்தோம்? அதற்கு உதவும் சிறந்த கருவிகளுள் ஒன்றை உலகுக்குத் தந்தவர் நம்மவர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கல்கத்தாவில் ஆராய்ந்து, 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவைக் கண்டறிந்தார். ஒரு பொருளின்மீது ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தின் அளவே பொருளுக்குள் நிகழும் அதிர்வின் அளவு. டெல்லூரைட் கண்ணாடியை இவ்வாறு சோதித்தால் 660க்கு அருகில் ஒரு மேடும், 750க்கு அருகில் மற்றொரு மேடும் தோன்றும். டெல்லூரியம் அணு நான்கு ஆக்சிஜனோடு சேர்ந்து நிற்கும் அமைப்பை முதலாவது காட்டும். மூன்றோடு சேர்ந்து நிற்கும் அமைப்பை இரண்டாவது காட்டும். துணைப் பொருளைக் கூட்டக் கூட்ட, முதல் வகை குறைந்து இரண்டாம் வகை பெருகுவதைக் கண்ணாரக் காணலாம். உடைக்காமலே கண்ணாடியின் உள்ளமைப்பை அறியும் வழி இது.

இனி லேசருக்கு வருவோம். ஓர் அணுவுக்குச் சக்தி ஊட்டினால் அது உயர்ந்த நிலைக்கு ஏறும். பின்னர் அச்சக்தியை ஒளியாக உமிழ்ந்து கீழே இறங்கும். உயர்ந்த நிலையில் நிற்கும் அணுவை அதற்கேற்ற ஒளி ஒன்று தீண்டிச் சென்றால், தீண்டிய ஒளியோடு ஒத்த நிறமும் ஒத்த திசையும் கொண்ட ஒளியை அந்த அணுவும் உமிழும் என்று 1917இல் ஐன்ஸ்டைன் கூறினார். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இவ்வாறு பெருகிய ஒளியே லேசர். 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் மெய்மன் என்பவர் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். மறு ஆண்டே அமெரிக்காவில் எலியாஸ் ஸ்னிட்சர் என்பவர், நியோடிமியம் என்னும் அருமண் மூலகத்தைக் கலந்த கண்ணாடியிலிருந்து லேசரைப் பிறப்பித்தார். கண்ணாடி லேசரின் தொடக்கம் அதுவே. நீல மணிக்குக் கோபால்ட்டு எப்படியோ, லேசர் கண்ணாடிக்கு அருமண் அப்படி. சிறிதளவே கலந்தாலும் வேலை செய்வது அதுதான். கண்ணாடி அதற்குக் குடியிருக்க இடம் தருகிறது.

குடியிருக்கும் இடம் முக்கியமா என்று கேட்கலாம். மிகவும் முக்கியம். உயர்ந்த நிலையில் இருக்கும் அருமண் அணு தன் சக்தியை ஒளியாக மட்டுமே செலவிடும் என்று உறுதி கூற முடியாது. சுற்றியுள்ள கண்ணாடியின் அதிர்வுகளுக்கு அச்சக்தியைக் கொடுத்துவிட்டு, ஒளியே உமிழாமல் இறங்கிவிடவும் கூடும். அப்போது நமக்குக் கிடைப்பது வெறும் வெப்பம். ஊட்டிய சக்தி வீணாகிவிடும்.

இதற்குச் சந்தைக் கணக்கையே உவமையாகக் கொள்வோம். எர்பியம் என்னும் அருமண் அணு ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கி 2.7 மைக்ரான் ஒளியை உமிழ வேண்டியிருக்கிறது. அவ்விரு படிகளுக்கும் உள்ள இடைவெளி அலை எண் கணக்கில் ஏறத்தாழ 3,600. இதைச் சில்லறையாக மாற்றிக் கண்ணாடிக்குக் கொடுப்பதாக எண்ணுங்கள். சிலிக்காவின் நாணயம் 1,100. நான்கு நாணயங்களில் கணக்குத் தீர்ந்துவிடும். டெல்லூரைட்டின் நாணயம் 750. ஐந்து நாணயங்கள் வேண்டும். எல்லா நாணயங்களையும் ஒரே கணத்தில் எண்ணி வைக்க வேண்டும் என்பது இயற்கை விதித்த நிபந்தனை. நாணயங்களின் எண்ணிக்கை ஒன்று கூடினாலே அப்பேரம் முடியும் வாய்ப்புப் பல மடங்கு குறைந்துவிடுகிறது. பேரம் முடியாததால் சக்தி அணுவிடமே தங்கி ஒளியாக வெளிப்படுகிறது. டெல்லூரைட் கண்ணாடியைத் தேடியதன் உட்பொருள் இதுதான்: ஒளியாக வேண்டிய சக்தி வெப்பமாகிக் கெடாமல் காப்பது.

முதல் கண்ணாடி லேசரைச் செய்த அதே ஸ்னிட்சர், முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1994இல் வாங், வோகல் என்னும் இருவரோடு சேர்ந்து, இழைக் கருவிகளுக்கு டெல்லூரைட் ஏற்ற புதிய கண்ணாடி என்று எடுத்துரைத்தார். அதே ஆண்டில் அவர்கள் குழு நியோடிமியம் கலந்த டெல்லூரைட் இழையிலிருந்து லேசர் ஒளியையும் பெற்றது. ஆராய்ச்சியாளன் ஒருவன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே கேள்விக்கு ஈந்தால் என்ன விளையும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பயன்களைப் பார்ப்போம். உங்கள் கைப்பேசிச் செய்தி கடலையும் மலையையும் தாண்டிச் செல்வது கண்ணாடி இழையின் வழியாகத்தான். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னையையும் அந்தமான் தீவுகளையும் இணைத்துச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி இழைவடம் தொடங்கிவைக்கப்பட்டது. இழை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், நூறு கிலோமீட்டர் கடந்தால் நூறில் ஒரு பங்கு ஒளிதான் எஞ்சும். ஆகவே இடையிடையே ஒளியை வலுப்படுத்த வேண்டும். எர்பியம் கலந்த இழை அதைச் செய்கிறது. 1980களின் பிற்பகுதியில் வந்த இந்த ஒளிபெருக்கி, தொலைத்தொடர்பின் போக்கையே மாற்றியது. ஆனால் சிலிக்காவில் குடியிருக்கும் எர்பியம் ஒரு குறுகிய அலைவரிசையையே நன்கு பெருக்கும். அதன் அகலம் சுமார் 35 நானோமீட்டர். ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கே நானோமீட்டர். 1997இல் ஜப்பானில் மோரி, ஓஹிஷி, சூடோ ஆகியோர் டெல்லூரைட் இழையில் எர்பியத்தைக் குடியேற்றி, ஏறத்தாழ 80 நானோமீட்டர் அகலத்தில் ஒளியைப் பெருக்கிக் காட்டினர். ஒவ்வொரு நிறமும் தனித்தனிச் செய்தியைச் சுமப்பதால், அகலம் கூடக் கூட ஒரே இழையில் செல்லும் செய்தியும் கூடும். சாலையை அகலப்படுத்துவது போன்றது இது.

மருத்துவத்துக்கும் இதில் இடமுண்டு. நம் உடலின் பெரும்பகுதி நீர். நீர் 2 மைக்ரானை ஒட்டிய ஒளியை நன்கு உறிஞ்சும். ஆகவே அந்த ஒளி திசுவுக்குள் ஆழமாக ஊடுருவாமல், பட்ட இடத்தை மட்டும் வெட்டி, இரத்தத்தையும் உறையச் செய்யும். தூலியம் என்னும் அருமண் மூலகம் இந்த அலைநீளத்தில் லேசர் ஒளி தரும். தூலியம் கலந்த டெல்லூரைட் இழை லேசர்களை இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். டெல்லூரைட் அருமண் பொருள்களை மிகுதியாக ஏற்றுக் கரைத்துக்கொள்ளும். எனவே சிறு நீள இழையிலேயே வலுவான ஒளியைப் பெறலாம்.

மூன்றாவது பயன் நம்மை மீண்டும் அரிக்கமேட்டுக்கே அழைத்துச் செல்கிறது. இழை செய்வோர் முதலில் தடித்த கண்ணாடித் தண்டு ஒன்றை அமைத்து, உலையில் இளக்கி, மெல்லிய இழையாக இழுக்கிறார்கள். தண்டின் நடுப்பகுதியைச் சுற்றித் துளைகளை வைத்து இழுத்தால், தலைமயிர் போன்ற இழையிலும் அத்துளைகள் அதே ஒழுங்கில் நிற்கும். மணி செய்தோர் ஒரு துளையை இழுத்தார்கள். இவர்கள் பல துளைகளை இழுக்கிறார்கள். தத்துவம் ஒன்றே. துளைகளால் சூழப்பட்ட மெல்லிய நடுத்தண்டில் ஒளி நெருக்கப்படும்போது, கண்ணாடியே ஒளியின் நிறத்தை மாற்றத் தொடங்குகிறது. இத்தன்மை டெல்லூரைட்டில் சிலிக்காவைப் போல் பல பத்து மடங்கு அதிகம். 2008ஆம் ஆண்டில் ஆய்வுக் குழு ஒன்று 8 மில்லிமீட்டர் நீளமே உள்ள இத்தகைய டெல்லூரைட் இழைக்குள் மிகக் குறுகிய லேசர் துடிப்புகளைச் செலுத்தியது. உள்ளே சென்றது ஒரு நிறம். வெளியே வந்ததோ 0.79 மைக்ரானிலிருந்து 4.87 மைக்ரான் வரை பரந்த ஒளிவெள்ளம். ஓர் அரிசியின் நீளமுள்ள கண்ணாடியில் நிகழ்ந்த விந்தை இது!

இந்த அகன்ற ஒளியால் என்ன நன்மை? 2024 ஜூன் மாதத்தில் புதுவை ரெட்டியார்பாளையத்தில் பாதாளச் சாக்கடையின் நச்சுவாயு கழிப்பறை வழியாக வீடுகளுக்குள் புகுந்து மூவர் உயிரிழந்த செய்தியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சாக்கடைக் குழிகளில் இறங்கும் தொழிலாளர் மாண்டுபோகும் செய்திகளும் நம் நாட்டில் ஓயவில்லை. வாயுக்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அகச்சிவப்பு ஒளியில் பெரும்பாலான வாயுக்களுக்கு அடையாளம் உண்டு. மீத்தேன் 3.3 மைக்ரானிலும், கரியமில வாயு 4.3 மைக்ரானிலும், கார்பன் மோனாக்சைடு 4.6 மைக்ரானிலும் ஒளியை வலுவாக விழுங்கும். அகன்ற ஒளியைக் காற்றின் ஊடே செலுத்தி, எந்த நிறம் குறைந்து வருகிறது என்று பார்த்தால், எந்த வாயு எவ்வளவு உள்ளது என்று தொலைவில் நின்றே சொல்லிவிடலாம். மனிதனைக் குழிக்குள் இறக்கிச் சோதிப்பதற்குப் பதிலாக ஒளியை இறக்கிச் சோதிக்கலாம். டெல்லூரைட் இழை இன்று பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இப்பணியைச் செய்கிறது. அது தெருவுக்கு வந்து சேருவது நாளைய பொறியாளர்களின் பொறுப்பு.

இத்தனை நன்மைகள் இருந்தும் டெல்லூரைட் ஏன் சிலிக்காவை வென்றுவிடவில்லை? குறைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். டெல்லூரைட் 300 முதல் 400 டிகிரியிலேயே இளகத் தொடங்குகிறது. சிலிக்காவோ அதற்கு 1,000 டிகிரிக்கும் மேல் தாங்கும். ஆகவே இரண்டையும் உருக்கி ஒட்டவைப்பது கடினம். சூட்டினால் டெல்லூரைட் விரிவது உருகிய தூய சிலிக்காவைப் போல் 30 மடங்கு அளவுக்கு இருக்கிறது. திடீர் வெப்பத்தில் அது வெடித்துவிடக்கூடும். அதன் இழை அத்துணை உறுதியானதும் அன்று. உருக்கும்போது காற்றின் ஈரம் சிறிது புகுந்தாலும் 3 மைக்ரானை ஒட்டிய ஒளி விழுங்கப்பட்டுவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைக் காப்பதுபோல் ஈரத்திலிருந்து அதைக் காக்க வேண்டும். அதனால் உலர்ந்த ஆக்சிஜனில் உருக்குகிறார்கள். ஃபுளோரைடு சேர்த்தும் ஈரத்தை விரட்டுகிறார்கள். டெல்லூரியம் அரிய பொருள். அதன் சேர்மங்களைக் கவனமின்றிக் கையாண்டால் உடலுக்குத் தீங்கு. உடலில் சிறிது சேர்ந்தாலும் மூச்சில் பூண்டு நாற்றம் வீசும். மார்க்கெட்டுப் பூண்டைத் தின்றவன் ஒரு நாளில் தப்பிவிடலாம்; டெல்லூரிய நாற்றமோ பல நாள் நீங்காது! ஆய்வுக்கூடத்தில் விதிகளை மதிக்காதவனை இயற்கையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கடலடி வடங்களில் இன்றும் ஒளியைப் பெருக்குவது சிலிக்கா இழையே. நீண்ட அகச்சிவப்பில் போட்டியிடும் கண்ணாடிகளும் உண்டு. 1974இல் பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் பூலென் சகோதரரும் லூக்காவும் கண்ட ஃபுளோரைடு கண்ணாடியின் அதிர்வு டெல்லூரைட்டைவிடவும் மந்தமானது. ஆனால் நீர் பட்டால் அது கெடும். கந்தகக் குடும்பத்துக் கண்ணாடிகள் இன்னும் நீண்ட அலைக்கு வழிவிடும். அருமண் மூலகங்களை ஏற்பதில் அவை பின்வாங்கும். உறுதிக்குச் சிலிக்கா, தொலைதூர அகச்சிவப்புக்கு மற்றவை. இவ்விரண்டுக்கும் இடையே நின்று, இரண்டு திறத்திலும் ஓரளவு கைகொடுப்பது டெல்லூரைட். எல்லா வேலைக்கும் ஏற்ற ஒரே கண்ணாடி இல்லை. எந்த வேலைக்கு எந்தக் கண்ணாடி என்று அறிவதே அறிவு.

இந்த அறிவைத் தேட நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 1950இல் தொடங்கிய கல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் கண்ணாடி இழையில் தேர்ந்த பணி செய்துவருகிறது. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையில் அருமண் கலந்த போரோ-டெல்லூரைட் கண்ணாடிகளை உருக்கி ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். எளிய உலையும், நுண்ணிய தராசும், பொறுமையும் உள்ள இடத்தில் இந்த ஆராய்ச்சி தொடங்கிவிடும்.

நண்பர்களே, அரிக்கமேட்டு மணிகள் புதுவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒருநாள் சென்று பாருங்கள். அவற்றைச் செய்தவர்களுக்கு அணுவும் தெரியாது, அதிர்வும் தெரியாது. ஆனால் எவ்வளவு சூட்டில் இளக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் இழுக்க வேண்டும், எதைச் சிட்டிகையளவு சேர்க்க வேண்டும் என்பதைக் கையால் அறிந்திருந்தார்கள். அவர்கள் தம் கைத்திறனின் காரணத்தை எழுதிவைக்கவில்லை. ஆற்றங்கரையில் அத்தொழிலும் ஒருநாள் அடங்கிப்போயிற்று. இன்று நமக்குக் காரணம் தெரிகிறது. அதற்கேற்ற கைத்திறனை நாம் மீண்டும் பெற வேண்டும். அடுத்த முறை பெரிய மார்க்கெட்டில் ஒரு பாசிமணியை வாங்கும்போது, அதன் துளை வழியே ஒருமுறை ஒளியைப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுக் கேள்வி ஒன்று அதனுள் நுழைந்து உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.